நல்லொழுக்கமும் ஒரு மருந்தே

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் தேதி மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா நடந்தது. மருத்துவம் படிக்கப் புகும் பிள்ளைகள் இத்தகைய விழாவில் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்வது வழக்கம். தமிழ்நாட்டில் பல காலமாக எடுக்கப்பட்டு வந்தது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரடீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியாகும். அன்று அதற்குப் பதிலாக, ‘மகரிஷி சரகர் சபதம்’ வாசிக்கப்பட்டது. விழாவுக்கு மாநில அமைச்சர்களும் வந்திருந்தனர். உடனே பெரும் சர்ச்சை எழுந்தது. கல்லூரி முதல்வர் பதவியிலிருந்து அகற்றப்பட்டுக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார். சில நாட்களிலேயே அதே பதவியில் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

வழக்கத்தை மாற்றி வேற்று மொழியைத் திணிக்கலாமா என்று ஒரு சாரார் கேட்டனர். அந்நிய நாட்டுக் கிரேக்கரின் பெயரால் சபதம் எடுக்கலாம், நம் நாட்டு முனிவரின் பெயரால் எடுக்கக் கூடாதா என்று மறு சாரார் கேட்டனர். இரண்டிலும் நியாயம் உண்டு. சபதம் எடுப்பவருக்கு அதன் பொருள் விளங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே தமிழில் விளங்கச் சொல்ல முடியாத மருத்துவம் எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே, சரகர் பெயரால் வழங்கும் நூலில் உண்மையில் என்னதான் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டவர்கள் சிலரே. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

நூலின் வரலாறு

ஆயுர்வேதத்தின் மூல நூல்களுள் முதன்மையானது சரக சம்ஹிதை. ஆத்ரேய முனிவர் தம் மாணாக்கர் அறுவருக்கு உபதேசித்ததை அவர்களுள் ஒருவரான அக்னிவேசர் நூலாக்கினார் என்பதும், அதைச் சரகர் திருத்தி அமைத்தார் என்பதும், குறைந்து போன பகுதிகளைப் பின்னாளில் திருடபலர் நிறைவு செய்தார் என்பதும் மரபு. எட்டு ஸ்தானங்களும் 120 அத்தியாயங்களும் கொண்டது இந்நூல். நோய், மருந்து, உணவு, பிரசவம், விஷக்கடி என்று உடலைப் பற்றிய அனைத்தையும் பேசும் இந்நூல், நடுநடுவே நடத்தையைப் பற்றியும் பேசுகிறது. அது ஏதோ புண்ணியத்துக்காகச் சேர்த்த உபதேசம் அன்று. பத்தியமும் கஷாயமும் போல நல்லொழுக்கமும் நோயைத் தடுக்கும் ஒரு சாதனம் என்பதே நூலின் நிலை. இதற்குச் சத்விருத்தம், அதாவது நல்லோர் நடக்கும் முறை, என்று பெயர்.

வைத்தியருக்கு உரியது

மதுரையில் பேசப்பட்ட சபதத்துக்கு மூலம், விமான ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயம். புதிய மாணாக்கனை அக்கினியின் முன் நிறுத்தி ஆசிரியர் கூறும் அறிவுரைகள் அங்கே உள்ளன. நோயாளியின் நலத்துக்காக இரவு பகல் பாராது முயல வேண்டும். தன் உயிருக்கே இடர் வந்தாலும் நோயாளியைக் கைவிடலாகாது. பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் மனத்தாலும் விரும்பலாகாது. நோயாளியின் வீட்டினுள் நுழைந்தபின் சொல்லும் மனமும் புத்தியும் நோயாளியைத் தவிர வேறெதிலும் செல்லக் கூடாது. அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது. எவ்வளவு கற்றிருந்தாலும் தற்பெருமை பேசக் கூடாது. மருத்துவக் கல்விக்கு முடிவில்லையாதலால், பகைவன் சொன்னாலும் பயனுள்ள சொல்லைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று சிட்னியில் வெள்ளை அங்கி அணியும் எந்த இளம் டாக்டரும் இவற்றில் ஒன்றையேனும் மறுக்க மாட்டார். நோயாளியின் இரகசியம் காப்பதும், நோயாளியிடம் தகாத உறவு கொள்ளாதிருப்பதும், வாழ்நாள் முழுதும் கற்பதும் ஆஸ்திரேலிய மருத்துவ வாரியத்தின் நடத்தை விதிகளிலும் உள்ளவையே.

ஆயினும் இதே அத்தியாயத்தில் இக்காலத்தில் ஏற்க இயலாதவையும் உள்ளன என்பதை மறைக்கலாகாது. அரசனின் வெறுப்புக்கு ஆளானவருக்கும், அரசனை வெறுப்பவருக்கும், மிகவும் தீய நடத்தை உடையவருக்கும் மருத்துவம் செய்யலாகாது என்கிறது நூல். கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கும், மரணத் தறுவாயில் இருப்பவருக்கும் மருத்துவம் செய்யலாகாது என்றும் சொல்கிறது. சிறையில் இருப்பவரும், தனியே வாழும் பெண்ணும், இறுதி நாட்களில் வலியால் துடிப்பவரும் வைத்தியரின் துணை அதிகம் வேண்டுபவர்கள் அல்லரோ? வேந்தனின் கோபத்துக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு காலத்தின் சுவடு அது. அதை இன்று அப்படியே ஏற்பது சரகருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கிரேக்கர் சபதத்தின் கதையும் இதுவே. அப்பலோ முதலான தெய்வங்களைச் சாட்சி வைத்த பழைய சபதத்தை யாரும் அப்படியே காப்பாற்றவில்லை. 1948ஆம் ஆண்டு உலக மருத்துவச் சங்கம் அதன் சாரத்தை எடுத்து ‘ஜெனீவா பிரகடனம்’ என்று புதிதாக அமைத்தது. அதுவும் பலமுறை திருத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில், நோயாளியின் சுய விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதும், மருத்துவர் தம் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டன. முன்னோர் சொல்லை இவ்வாறு புடைத்து, பதரை நீக்கி, மணியைக் கொள்வதே முறை. பகைவன் சொல்லிலும் நல்லதைக் கொள் என்று சொன்ன நூல், தன் சொல்லிலும் நல்லதையே கொள்ளச் சொல்லும் அல்லவா?

நோயாளிக்கும் கடமை உண்டு

மருத்துவம் என்பது வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி என்னும் நான்கு பாதங்களில் நிற்பது என்று சரக சம்ஹிதை கூறுகிறது. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளும் இந்த நான்கையே எண்ணிச் சொல்வதைத் தமிழர் அறிவர். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், நோயாளிக்கும் நான்கு நற்குணங்கள் வேண்டும் என்பதே. சொன்னதை நினைவில் வைத்தல், சொன்னபடி நடத்தல், அஞ்சாதிருத்தல், தன் நோயை மறைக்காமல் எடுத்துச் சொல்லுதல் ஆகியவையே அந்த நான்கும்.

நம்மவர் வீடுகளில் இந்த நான்காவது குணம் குறைவாகவே காணப்படுகிறது. ஊரிலிருந்து வந்த மாத்திரையை இங்குள்ள டாக்டரிடம் சொல்வதில்லை. மாலையில் அருந்தும் மதுவின் அளவைச் சொல்வதில்லை. மனச்சோர்வைச் சொல்வதே இல்லை. மகனும் மருமகளும் உடன் வந்தால் தாயார் தம் உபாதையைப் பாதியாகக் குறைத்துச் சொல்வார். அருகில் வெஸ்ட்மீட் போன்ற பெரிய ஆஸ்பத்திரி இருந்தும், சொல்லாத நோய்க்கு அங்கே என்ன சிகிச்சை செய்ய முடியும்?

இல்லறத்தாருக்கு உரியது

சூத்திர ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயத்தில் சத்விருத்தம் விரிவாகக் கூறப்படுகிறது. அதில் வழிபாடும் பெரியோரைப் பேணுதலும் உண்டு. கூடவே மிகச் சிறிய அன்றாடப் பழக்கங்களும் உண்டு. வாயை மூடாமல் கொட்டாவி விடவோ, தும்மவோ, சிரிக்கவோ கூடாது என்பது ஒரு விதி. கை, கால், வாய் கழுவாமல் உண்ணக் கூடாது என்பது இன்னொன்று. பாட்டி சொன்னபோது ‘பழைய பஞ்சாங்கம்’ என்று சிரித்தவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டு கொரோனா தொற்றால் சிட்னியின் மேற்குப் புறநகரங்கள் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தபோது, அரசாங்கம் நாள்தோறும் சொன்னதும் இவையேதாம். கிருமி என்பதைச் சரகர் காலத்தவர் நாம் அறிவதுபோல் அறிந்திருக்கவில்லை. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவ விடுதியில் டாக்டர்கள் கை கழுவினால் தாய்மாரின் மரணம் குறையும் என்று காட்டியபோதுகூட உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் தன் எச்சில் பிறர்மேல் படக் கூடாது என்ற மரியாதை, காரணம் விளங்காத காலத்திலும் உயிர்களைக் காத்திருக்கும்.

அடுத்து, மனிதரோடு பழகும் முறை. எதிர்ப்படுபவர் பேசட்டும் என்று காத்திராமல் தானே முதலில் பேச வேண்டும். முகம் மலர்ந்திருக்க வேண்டும். அஞ்சியவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். காலமறிந்து, அளவாக, இனிமையாக, நன்மை தருவதையே பேச வேண்டும். எல்லோரையும் நம்பிவிடவும் கூடாது, எல்லோரையும் சந்தேகிக்கவும் கூடாது. எப்போதும் யோசித்துக்கொண்டே இருந்து காரியத்துக்குரிய காலத்தைக் கடத்தவும் கூடாது. இவை ஒரு வைத்திய நூலில் உள்ளவை என்பதுதான் வியப்பு.

பொறாமையைப் பற்றி அந்நூல் சொல்வது மிகவும் நுட்பமானது. பிறர் பெற்ற பலனைக் கண்டு பொறாமைப்படலாகாது. அந்தப் பலனுக்குக் காரணமான முயற்சியில் வேண்டுமானால் போட்டி கொள்ளலாம் என்கிறது. செலக்டிவ் பள்ளித் தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்ற செய்தியைச் சொல்லித் தம் பிள்ளையைக் குத்திக் காட்டும் பெற்றோர் பலனில் பொறாமை கொள்கின்றனர். அந்தப் பிள்ளை எப்படிப் படித்தது என்று கேட்டறிந்து, தம் பிள்ளைக்குத் துணையாக அமர்பவர் முயற்சியில் போட்டி கொள்கின்றனர். முன்னது அந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். பின்னது அதன் படிப்பை வளர்க்கும்.

அடக்கத் தகாததும் அடக்கத் தக்கதும்

தும்மல், பசி, தாகம், தூக்கம், கண்ணீர், மலசலம் முதலான பதின்மூன்று இயற்கை வேகங்களை அடக்கக் கூடாது என்று சூத்திர ஸ்தானத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. உடனேயே, அடக்க வேண்டிய வேகங்களையும் எண்ணுகிறது. பேராசை, அச்சம், கோபம், கர்வம், பொறாமை, பிறர்க்குத் தீங்கெண்ணல் ஆகியவை மனத்தின் வேகங்கள். கடுஞ்சொல், கோள், பொய் ஆகியவை வாக்கின் வேகங்கள். பிறரைத் துன்புறுத்தல், களவு, பிறன்மனை நயத்தல் ஆகியவை உடலின் வேகங்கள்.

நம் வாழ்க்கை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. எம்4 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர் பசியையும் தூக்கத்தையும் அடக்கிக்கொள்கிறார். முன்னால் ஒருவர் குறுக்கே வந்தால் கோபத்தை மட்டும் அடக்குவதில்லை. கோபத்தால் இதயம் பாதிக்கப்படும் என்பது வெறும் நீதிமொழி அன்று. சிட்னி ராயல் நார்த் ஷோர் மருத்துவமனையில் மாரடைப்பால் சேர்க்கப்பட்டவர்களிடம் விசாரித்துச் செய்த ஆய்வொன்று 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. கடுங்கோபம் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் அபாயம் வழக்கத்தைவிட எட்டரை மடங்கு உயர்வதாக அது கண்டது. கோபப்படும் ஒவ்வொருவருக்கும் மாரடைப்பு வரும் என்பது இதன் பொருளன்று. இரத்த அழுத்தமும் நீரிழிவும் கொழுப்பும் ஏற்கெனவே உள்ளவருக்கு, ஒரு நிமிடக் கோபம் பெரும் விலை கேட்கலாம் என்பதே பொருள்.

தெரிந்தே செய்யும் பிழை

நோய்களுக்கு ஒரு முக்கிய காரணமாகச் சரக சம்ஹிதை கூறுவது ‘பிரக்ஞாபராதம்’. அறிவும் உறுதியும் நினைவும் தவறியதால் செய்யும் குற்றம் என்பது அதன் பொருள். இன்றைய மருத்துவர்கள் நாள்தோறும் காண்பது இதைத்தான். இனிப்பு ஆகாது என்று அந்த நீரிழிவுக்காரருக்குத் தெரியும். கல்யாண விருந்தில் இரண்டாவது ஜாங்கிரியைக் கையில் எடுக்கும்போது அந்த நினைவு தவறிவிடுகிறது. தெற்காசியருக்கு நீரிழிவு மற்றவரைவிட இளம் வயதிலேயே, உடல் பருக்காதவருக்கும்கூட வருவது என்று பலமுறை கேட்டாயிற்று. நடக்க வேண்டும் என்பதும் தெரியும். அறியாமைக்கு மருத்துவர் விளக்கம் தரலாம். உறுதி தவறுவதற்கு வீட்டாரின் துணை வேண்டும். விருந்து படைப்பவர், வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் இருப்பதும் ஒரு சத்விருத்தமே.

உண்ணாமல் உண்ணும் ரசாயனம்

ரசாயனம் என்றால் முதுமையைத் தள்ளி வலிமை தரும் மருந்து. நெல்லிக்காய் முதலியவற்றால் செய்யும் பல ரசாயனங்களை விவரித்த பின், சிகித்ஸா ஸ்தானம் இறுதியில் ஒரு விசித்திரமான ரசாயனத்தைச் சொல்கிறது. அதற்கு ‘ஆசார ரசாயனம்’ என்று பெயர். உண்மை பேசி, கோபம் தவிர்த்து, மது நீக்கி, எவ்வுயிரையும் துன்புறுத்தாமல், அளவாக உழைத்து, அளவாக உறங்கி, இன்சொல் பேசி, தானம் செய்து, பெரியோரைப் பேணி, அகங்காரமின்றி வாழ்பவர் எந்த மருந்தும் உண்ணாமலேயே ரசாயனத்தின் பலனைப் பெறுவர் என்கிறது.

இன்று இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆயுர்வேதம் என்ற பெயரில் மாத்திரைகள் ஏராளமாக விற்பனையாகின்றன. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. எல்லா மருந்தும் இப்படி என்பதில்லை. எனினும் ஊரிலிருந்து பெட்டியில் வந்ததை விசாரியாமல் விழுங்கலாகாது. ஆஸ்திரேலியாவில் விற்கும் மருந்தாயின் சீட்டில் ‘ஆஸ்ட் எல்’ அல்லது ‘ஆஸ்ட் ஆர்’ எண் உள்ளதா என்று பார்ப்பதும், உட்கொள்வதைக் குடும்ப டாக்டரிடம் சொல்வதும் அவசியம். இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ தாமாக நிறுத்துவது பெரும் பிரக்ஞாபராதம். ஆசார ரசாயனத்தில் மட்டும் ஈயமும் இல்லை, பாதரசமும் இல்லை. எந்த டாக்டரின் மருந்தோடும் அது முரண்படாது.

சுகமான வாழ்வும் நல்ல வாழ்வும்

சரக சம்ஹிதை ஆயுளைப் பற்றிப் பேசும்போது, சுகமான ஆயுள் வேறு, ஹிதமான ஆயுள் வேறு என்று பிரிக்கிறது. உடல் வலிமையும் பொருளும் நினைத்ததை நடத்தும் ஆற்றலும் உள்ளவருடையது சுக ஆயுள். பிறர் நலம் நாடி, உண்மை பேசி, ஆராய்ந்து செயலாற்றி, தானமும் தவமும் உடையவராய் வாழ்பவருடையது ஹித ஆயுள். பொருளை அந்நூல் பழிக்கவில்லை. உயிரைக் காத்தல் முதலாவது, பொருள் தேடல் இரண்டாவது, மறுமை மூன்றாவது என்று மனிதனின் நாட்டங்களை வரிசைப்படுத்துகிறது. கையில் பொருளின்றி நெடுநாள் வாழ்வது துயரம் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் வரிசையை மாற்றலாகாது.

கடல் கடந்து வந்த குடும்பங்கள் சுக ஆயுளுக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தேடிக்கொண்டன. நார்த்மீட்டிலும் டூங்காபியிலும் வென்ட்வொர்த்வில்லிலும் வீடும் காரும் வந்துவிட்டன. அந்த வீடுகளுள் ஒன்றில், காலை எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின், மாலை ஆறு மணி வரை பேச ஆளின்றி ஒரு பாட்டியார் அமர்ந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, பஸ் ஏறத் தயக்கம். சத்தான உணவும் வேளைக்கு மாத்திரையும் அவருக்கு உண்டு. தனிமையும் உடல்நலத்தைக் கெடுக்கும் என்பதை உணர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அதற்கென ஓர் ஆணைக்குழுவே அமைத்தது. தானே முதலில் பேசு, பெரியோரைப் பேணு என்ற பழைய விதிகள் அந்தப் பாட்டியாருக்கு எவ்வளவு பெரிய மருந்து!

ஆகவே சரகர் சபதத்தை மருத்துவ மாணவர்கள் எம்மொழியில் எடுப்பது என்பதை மதுரையில் உள்ளோர் தீர்மானிக்கட்டும். இல்லறத்தாருக்கு உரிய பகுதியைக் கைக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. வேலைக்குப் புறப்படுமுன் பெரியவரிடம் பத்து நிமிடம் அமர்ந்து பேசுவதும், வாரம் ஒருநாள் அயல் வீட்டு முதியவரையும் கோயிலுக்குக் காரில் அழைத்துச் செல்வதும், கோபம் எழும்போது ஒரு வார்த்தையை விழுங்குவதும், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதும் யாராலும் இயலக்கூடியவை. இம்மருந்துக்குச் சீட்டு வேண்டாம், செலவும் இல்லை. நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே இதன் பத்தியம்.